ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

கார் புறப்படுகிறது.

சோறு கட்டியாகி விட்டது. புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய், குடிக்கத் தண்ணீர், குழந்தைக்குப் போர்வை, பாட்டிக்கு மருந்து, சாமிக்குத் தேங்காய், பழம். எல்லாம் ஏறி விட்டன.

"எதையாவது மறந்து விட்டோமா?" என்று அம்மா கேட்கிறாள். அப்பா தலையை ஆட்டுகிறார். கார் கிளம்பி விடுகிறது.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு குடும்பமும் காட்டு வழிக்கும் மலை வழிக்கும் போகக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று ரோடு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி என்ற ஊர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெயர் போன ஊர். ஆடும் மாடும் கைமாறும் சந்தை. இன்று அதே ஊரின் சிப்காட் தொழிற்பேட்டையில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தயார் ஆகிறது.

இந்த ஊரில் இருந்து வண்டி எடுத்தால் மூன்று வகை ரோடு உண்டு.

முதலாவது, பெரிய ரோடு. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போவது. இந்த ரோட்டில் பஞ்சர் ஆனால் பயம் இல்லை. பழைய டயரைத் தொங்க விட்ட பஞ்சர் கடை அடுத்தடுத்து வரும்.

இரண்டாவது, தோப்பு ரோடு. இது மாம்பழத்துக்கும் கருங்கல்லுக்கும் பேர் போன மாவட்டம் அல்லவா? மாந்தோப்புக்குள் போகும் பாதையில் வேலிமுள் கிடக்கும். கல் குவாரிக்குப் போகும் பாதையில் கத்தி போல் கல் சில்லு கிடக்கும்.

மூன்றாவது, மலை ரோடு. மாவட்டத்தின் மேற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், கோடகரை என்று போகும் வழி. அஞ்செட்டியில் இருந்து காட்டுக்குள்ளே ஒகேனக்கல்லுக்கும் போகலாம். ஆடிப்பெருக்கு வந்தால் ஒகேனக்கல்லுக்குப் போகாத குடும்பம் உண்டா?

பெரிய ரோட்டில் பஞ்சர் என்றால் அரை மணி நேரத் தொல்லை. மலை ரோட்டில் பஞ்சர் என்றால் ஒரு நாள் தொல்லை. சில நேரம் உயிருக்கே ஆபத்து.

ஆனால் நாம் மூன்று ரோட்டுக்கும் ஒரே மாதிரிதான் புறப்படுகிறோம்!

ஸ்டெப்னி பிறந்த கதை

காற்று அடைத்த டயருக்கு முதலில் உரிமம் வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். ஸ்காட்லாந்துக்காரர். ஆண்டு 1845. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

43 ஆண்டுகள் கழித்து, 1888-ல், டன்லப் என்ற மாட்டு வைத்தியர் அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் அதையே மறுபடி கண்டுபிடித்தார். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று குலுங்கியது. ரப்பர்க் குழாயில் காற்று அடைத்துச் சக்கரத்தில் கட்டினார். குலுக்கல் நின்றது!

குலுக்கல் போயிற்று. பஞ்சர் வந்தது!

அந்தக் காலத்து மோட்டாரில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் நடு ரோட்டில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். வெயில் ஆனாலும் மழை ஆனாலும் அதுதான் கதி.

1904-ல் இதற்கு ஒரு வழி பிறந்தது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் என்ற பெயருடைய அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். காற்றோடு தயாராக இருக்கும் ஒரு மாற்றுச் சக்கரத்தை அவர்கள் செய்தார்கள். பஞ்சர் ஆன சக்கரத்தின் பக்கத்தில் அதைப் பிடித்து மாட்டினால் போதும். கார் நகர்ந்து விடும்.

அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அதனால் சக்கரத்துக்கும் ஸ்டெப்னி என்று பெயர் வைத்தார்கள்.

எங்கோ ஒரு சிறிய ஊரில் உள்ள தெருவின் பெயர் நம் ஊர் டிரைவர்கள் வாயில் இன்றும் வாழ்கிறது. எத்தனை பேருக்கு அந்தச் சக்கரம் கை கொடுத்திருந்தால் இப்படிப் பெயர் நிலைத்திருக்கும்!

இப்போது எங்கே?

ஆனால் அந்த ஸ்டெப்னி மெல்ல மறைந்து வருகிறது. இதைப் பலர் கவனிக்கவில்லை.

பழைய ஸ்கூட்டர்கள் நினைவு இருக்கிறதா? லாம்பிரெட்டா, வெஸ்பா, பஜாஜ் சேத்தக். அவற்றோடு ஒரு சக்கரம் கூடவே வரும். பஞ்சர் ஆனால் கழற்றி மாட்டி விட்டுப் போவார்கள். இன்றைய ஸ்கூட்டர்களில் அது இல்லை.

கார்களிலும் இதே மாற்றம். 2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. எடை மூன்றரை டன்னுக்கு மேற்படாமல், டிரைவரோடு சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏறாத வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. அதற்கு மூன்று நிபந்தனை உண்டு. டயர், டியூப் இல்லாத டயராக இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான் வண்டியில் இருக்க வேண்டும். காற்று குறைந்தால் டிரைவருக்குக் காட்டும் கருவியும் இருக்க வேண்டும்.

இது தவறான விதி என்று நாம் சொல்லவில்லை. ஸ்டெப்னியை எடுத்தால் வண்டியில் இடம் மிச்சம். எலக்ட்ரிக் காரில் பெரிய பேட்டரி வைக்கலாம். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். பட்டணத்துக்கு இது போதும்.

ஆனால் தோப்பு ரோட்டுக்கும் மலை ரோட்டுக்கும் போதுமா?

போதாது. காரணம் இதுதான்.

பஞ்சர் ஒட்டும் சாமான், தரையில் படும் பாகத்தில் விழுந்த சிறிய ஓட்டையைத்தான் அடைக்கும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அது ஒன்றும் செய்யாது. நம் கல் சில்லு எங்கே கிழிக்கிறது? பெரும்பாலும் பக்கச் சுவரைத்தான்! பக்கச் சுவர் கிழிந்த டயருக்கு மருந்து இல்லை. மாற்றுச் சக்கரம் ஒன்றுதான் வழி.

சட்டம் கேட்கவில்லை என்பதற்காக வழி கேட்காமல் விடுமா?

ஆகவே நம் கருத்து இது. மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்கள், சட்டம் விலக்கு கொடுத்தாலும், முழு அளவுள்ள ஸ்டெப்னி ஒன்றைக் கொண்டு போக வேண்டும். சில கார்களில் மெல்லிய ஸ்டெப்னி கொடுக்கிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அது பஞ்சர் கடை வரை போவதற்குத்தான். மலை ஏறுவதற்கு அல்ல.

காந்த வண்டி

பஞ்சர் ஆவது தலைவிதி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு கதையைக் கேட்க வேண்டும்.

டி. வி. சுந்தரம் ஐயங்கார், தென்னாட்டில் முதல் முதலாகப் பஸ் விட்டவர்களில் ஒருவர். நூறு ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. ரோடு முழுவதும் மாட்டு வண்டி. மாட்டின் காலில் லாடம். லாடத்தில் ஆணி. ஆணி கழன்று ரோட்டில் விழும். அது பஸ் டயரில் ஏறும்.

அவர் என்ன செய்தார்? ரோட்டில் கிடக்கும் ஆணியை இழுத்து எடுக்கக் காந்தம் பொருத்திய வண்டியை ஓட விட்டார் என்று அவருடைய வரலாற்றைக் கூறுகிறவர்கள் சொல்வார்கள். ஆணி போயிற்று. பஸ் நேரத்துக்கு ஓடியது.

அவர் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலை இன்று ஓசூரில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் செய்கிறது. அவர் காட்டிய வழியை நாம் மறக்கலாமா? சந்தை கூடும் இடம், வெல்டிங் பட்டறை வாசல், வீடு கட்டும் இடம். இங்கெல்லாம் ஆணியும் கம்பியும் சிதறிக் கிடக்கின்றன. பேரூராட்சியும் ஊராட்சியும் மாதம் ஒரு முறை காந்தத்தை இழுத்துக் கூட்டினால் எத்தனை டயர் பிழைக்கும்!

யானைக் காடு

மலை ரோட்டில் ஆபத்து என்று சொன்னோம். அது என்ன ஆபத்து?

யானை!

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று தமிழக அரசு 2014-ல் அறிவித்தது. கர்நாடகக் காட்டில் இருந்து ஆண்டுதோறும் யானைக் கூட்டம் இந்தப் பக்கம் வரும். கேழ்வரகு விளையும் காலத்தில் வரவு அதிகம். ரோடு நமக்குத்தான் ரோடு. யானைக்கு அது தன் காட்டின் நடுவே கிடக்கும் ஒரு கோடு.

அந்த இடத்தில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

பலர் உடனே வண்டியை நிறுத்திக் கீழே குதிக்கிறார்கள். அது தவறு. இருள் சூழ்ந்த வளைவிலோ, மூங்கில் அடர்ந்த இடத்திலோ இறங்கவே கூடாது. விளக்கைப் போட்டுக் கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை உருட்டிச் செல்ல வேண்டும். வெட்டவெளியோ, ஊரோ, வனத்துறைச் சோதனைச் சாவடியோ வரும் வரை போக வேண்டும்.

டயர் நாசம் ஆகுமே? ஆகட்டும்! டயரைக் கடையில் வாங்கலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?

எல்லாவற்றையும் விட நல்ல வழி, பொழுதோடு போய்ப் பொழுதோடு திரும்புவது.

போன் போதாதா?

"கையில் போன் இருக்கிறது. ஒரு போன் செய்தால் மெக்கானிக் வந்து விடுவார்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள்.

வருவார். பெரிய ரோட்டில் வருவார். மலை மடிப்பில் போன் எடுக்குமா? பல இடங்களில் எடுக்காது. எடுத்தாலும், இருட்டிய பிறகு காட்டு வழியில் எந்த மெக்கானிக் வருவார்?

மலை ஊர்க்காரர்களுக்கு இது சுற்றுலாச் சங்கதி அல்ல. அங்கே பிரசவ வலி கண்ட பெண்ணை ஜீப்பில் ஏற்றிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். ரேஷன் அரிசி ஏற வேண்டும். அந்த ஜீப்பின் ஸ்டெப்னியில் காற்று இல்லை என்றால் அது இரண்டு உயிரின் கேள்வி. மலைக்கு ஓடும் ஒவ்வொரு வாடகை வண்டியிலும் நல்ல ஸ்டெப்னி இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும். ஏறுகிறவர்களும் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

பெண்கள் மாட்டலாமா?

இன்னொரு பேச்சும் உண்டு. "சக்கரம் மாற்றுவது ஆண் பிள்ளை வேலை. பெண்களுக்கு எதற்கு?"

அமெரிக்காவில் ஆலிஸ் ராம்சே என்று ஒரு பெண் இருந்தார். 1909-ல் நியூயார்க்கில் இருந்து சான்பிரான்சிஸ்கோ வரை கார் ஓட்டினார். நாட்டின் ஒரு கடற்கரையில் இருந்து மறு கடற்கரைக்கு! அமெரிக்காவைக் கார் ஓட்டிக் கடந்த முதல் பெண் அவர்தான். வயது 22. உடன் வந்த மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. 59 நாள் பயணம். பெரும்பாலும் மண் பாதை. வழியில் 11 முறை டயர் மாற்றினார். அவரே மாற்றினார்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் போச்சம்பள்ளிக்கே வருவோம்.

2021-ல் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளி தொழிற்சாலையை முழுவதும் பெண்களைக் கொண்டே நடத்தப் போவதாக அறிவித்தது. நம் ஊர்ப் பெண்கள் அங்கே போய் ஸ்கூட்டர் செய்யக் கற்றுக் கொண்டார்கள். சக்கரம் மாட்டி, நட்டு முடுக்கி, வண்டியை உலகுக்கு அனுப்பும் கைக்கு, தன் வீட்டு வண்டியின் சக்கரத்தைக் கழற்றத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

வேலை முடிந்து ஸ்கூட்டரில் தனியாக ஊர் திரும்பும் பெண்ணுக்குத்தான் இந்த வித்தை முதலில் வேண்டும். டியூப் இல்லாத டயர் என்றால், ஓட்டையை அடைக்கும் ரப்பர்த் திரியும் ஊசியும், சின்ன பம்பும் சீட்டுக்கு அடியில் அடங்கி விடும். கற்றுக் கொள்ள ஒரு மணி நேரம் போதும்.

தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒரு நாள் இதைச் சொல்லிக் கொடுக்கட்டும். டிரைவிங் லைசென்ஸ் வாங்க வருகிறவர் எட்டுப் போட்டுக் காட்டுகிறார். சக்கரம் ஒன்றைக் கழற்றி மாட்டியும் காட்டட்டுமே!

என்ன கொண்டு போவது?

பட்டியல் பெரிது அல்ல.

முதலில் ஸ்டெப்னி. அதில் மாதம் ஒரு முறை காற்று பார்க்க வேண்டும். எத்தனை பவுண்டு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

ஜாக்கி, வீல் ஸ்பானர். அலாய் சக்கரத்தில் திருடர் கழற்றாமல் இருக்கத் தனி நட்டு இருந்தால், அதற்கு உரிய சாவி.

ஒரு பலகைத் துண்டு. மண் தரையில் ஜாக்கி புதைந்து விடும். அடியில் பலகை வைத்தால் நிற்கும்.

இரண்டு கட்டை அல்லது கல். வண்டி உருளாமல் மற்ற சக்கரத்துக்கு அண்டை கொடுக்க.

காருக்கும் ரப்பர்த் திரி, ஊசி. பேட்டரியில் ஓடும் காற்று பம்பு. இது ஒரு டயரின் விலையை விடக் குறைவுதான்.

டார்ச் விளக்கு, கையுறை, முக்கோணச் சிவப்புப் பலகை, கூடுதல் தண்ணீர்.

டயரையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2519 என்றால் 2019-ம் ஆண்டு 25-வது வாரம் செய்த டயர் என்று பொருள். ஓடாமல் டிக்கியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும். வெடிப்பு விட்ட கிழட்டு டயரை ஸ்டெப்னி என்று வைத்திருப்பதில் பயன் என்ன?

குறைந்த காற்றோடு கோடை வெயிலில் ஓட்டவே கூடாது. காற்று குறைந்தால் டயர் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். அதனால் சூடு ஏறும். சூடு ஏறினால் வெடிக்கும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினாலும் இதே கதிதான்.

எப்படி மாற்றுவது?

சமதரையில் நிறுத்துங்கள். கைப் பிரேக் போடுங்கள். எல்லோரும் இறங்கி ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்கட்டும். முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். இதுதான் முக்கியம். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் வண்டி ஆடி ஜாக்கியில் இருந்து விழும்.

பிறகு ஜாக்கி. அதை வண்டியில் குறித்திருக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். தூக்கிய வண்டிக்கு அடியில் கையும் காலும் போகக் கூடாது.

சக்கரத்தை மாற்றி, நட்டுகளை ஒன்று விட்டு ஒன்று, எதிர் எதிராக முடுக்குங்கள். வண்டியை இறக்கி மறுபடி இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

டயரில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்காதீர்கள். டியூப் இல்லாத டயரில் அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக் கொண்டிருக்கும். காற்று போதுமான அளவு இருந்தால் மெதுவாகக் கடை வரை போகலாம்.

ஒத்திகை

இத்தனையும் படித்தால் மட்டும் போதாது. கை பழக வேண்டும்.

பட்டறைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டு முடுக்குகிறார்கள். அது சில நேரம் எவ்வளவு இறுகும் தெரியுமா? வண்டியோடு வந்த ஸ்பானரை வைத்து ஏறி மிதித்தாலும் அசையாது! இந்த உண்மை காட்டு நடுவில் தெரியக் கூடாது. வீட்டு வாசலில் தெரிய வேண்டும். வாசலில் தெரிந்தால் பட்டறைக்குப் போய்த் தளர்த்தி வரலாம். நீளமான ஸ்பானர் ஒன்று வாங்கி வைக்கலாம்.

நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம். கல்யாணத்துக்கு முதல் நாளே பந்தல் போட்டுப் பார்க்கிறோம். மலை ஏறப் போகும் வண்டிக்கு மட்டும் ஒத்திகை வேண்டாமா?

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. பலருக்கு வேலை இல்லை.

காப்பி குடித்ததும் வண்டியை வாசலில் நிறுத்துங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். மகனைக் கூப்பிடுங்கள். மகளையும் கூப்பிடுங்கள். வீட்டு அம்மாவும் ஸ்பானரைப் பிடிக்கட்டும். ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும். கை கறுப்பாகும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். சிரிப்பார்.

சிரிக்கட்டும். அவரையும் ஒரு நட்டைக் கழற்றச் சொல்லுங்கள்!